இன்னொரு சோப்பு எங்கே?

இன்று காலை விழுப்புரம் பாசஞ்சரில் வந்து, திண்டிவனத்தில் ஜட்கா வண்டி பிடித்து வீடு சேர்ந்தேன். முந்தாநாள் நான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை எண்ணெயில் காய்ச்சி, துண்டு போட்டு, ஜன்னலோரம் உலர வைத்திருந்த சோப்புத் தட்டில் ஒரு மூலை காலி.

சோப்பில் சேர்த்த காஸ்டிக் சோடாவின் காரம் அடங்க ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் உடம்பில் தேய்த்தால் தோல் வெந்துபோகும்.

"பக்கத்து வூட்டு சல்மா எடுத்துக்கினு போச்சு. கொழந்தைய குளிப்பாட்டணுமாம்" என்றார் மாமியார்.

ஓடினேன். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சல்மாவின் கையில் சோப்பு. நல்லவேளை, இன்னும் நனையவில்லை. வெடுக்கென்று பிடுங்கினேன்.

"ஒரு சோப்புக்காக்கா இப்டி ஓடியாறீங்க?"

காரத்தைப் பற்றி விளக்கினேன். அவள் முகம் மாறவில்லை.

"பச்சக் கொழந்தைக்கே போடலாம்னு நீங்கதானேக்கா சொல்லிக்கினு இருந்தீங்க."

சரி, தெருவே என்னைக் கருமி என்று பேசட்டும்.

வீட்டுக்கு வந்து சோப்பை அந்த மூலையில் வைத்தேன். தட்டின் நடுவிலும் ஓர் இடம் காலியாக இருந்தது. பதற்றத்தில் முதலில் அதைக் கவனிக்கவில்லை. அதை எடுத்தது யாரென்று மாமியாருக்கும் தெரியவில்லை.

எடுத்தது யாராக இருந்தாலும் திட்டமாட்டேன். குளிக்கப் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.