நசீருடைய அத்தாவின் கபுரைத் தேடி லப்பைக்குடிக்காட்டுக்கு

பழைய கல்லறைகளைத் தேடிப்போய்ப் பார்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் வழி கேட்பார்கள், நான் இடுகாட்டுக்கு வழி கேட்பேன். இதற்கு என் மனைவி வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. ஆனால் போன ஜனவரியில் பெரம்பலூர்ப் பக்கம் போனது கிறுக்குக்காக மட்டும் இல்லை. ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நசீரும் நானும் சவூதியின் தம்மாமில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். அவர் இன்னும் அங்கே ட்ரெய்லர் ஓட்டுகிறார். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அந்த ஊர் மையவாடி, அதாவது முஸ்லிம்களின் அடக்கத்தலம், ரொம்பப் பழையது என்றும், அரபு எழுத்தில் தமிழ் வெட்டிய கற்கள்கூட அங்கே உண்டு என்றும் சொல்லி ஆசையைக் கிளப்பியதே அவர்தான். போகும்போது அப்படியே அவருடைய அத்தாவின் கபுரையும், அதாவது அப்பாவின் கல்லறையையும், பார்த்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். அத்தா இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்று நசீர் ஊரில் இருந்தார். குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைத்தது அவர்தான்.

சென்னையில் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். சுமார் 270 கிலோமீட்டர், கட்டணம் 290 ரூபாய், இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 900 ரூபாய்க்கு ஒரு அறை எடுத்தேன். மாலையில் சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போய், பூட்டிய கதவைத் தரிசித்துவிட்டுத் திரும்பினேன். திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்களாம். கிளம்புமுன் விசாரிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவன் நான்!

அன்று ஏழு மணி வாக்கில் நசீரின் அம்மா ஃபோனில் கூப்பிட்டார். மகன் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். மறுநாள் மதியச் சாப்பாடு அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேசினார். கறி சாப்பிடுவேனா, எலும்போடு வேண்டுமா, தனிக்கறியா, ஆணத்தில், குழம்பைத்தான் அப்படிச் சொன்னார், காரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். நான் கூச்சப்பட்டு எதுவானாலும் சரி என்றேன். "எதுவானாலும் சரின்னா ஆக்குறவளுக்கு என்னா தெரியும், வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி" என்று அதட்டினார். எலும்போடு என்றேன்.

மறுநாள் 10.20க்கு லப்பைக்குடிக்காடு பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் 28 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மையவாடியைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிடப் போவது என் திட்டம். பள்ளிவாசலில் அனுமதி கேட்டபோது அங்கிருந்த பெரியவர் தலையசைத்தார். ஏதோ அவசரத்தில் இருந்தார், நான் யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்கவில்லை.

சின்ன இடம். சுற்றுச்சுவர், உள்ளே வேம்பு, எருக்கு. கபுர் ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு மீசான் கல், அவ்வளவுதான். பெயரில்லை, தேதியில்லை. பழைய பகுதியில் நசீர் சொன்ன எழுத்துக் கற்கள் ஏழெட்டு இருந்தன. ஒன்றில் சிப்பி பதிந்திருந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் இப்படி இருப்பது சகஜம். அரை மணி நேரம் உலகத்தை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நசீர் சொன்ன அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பெரிய வேம்புக்குக் கிழக்கே மூன்றாவது, தலைமாட்டுக் கல்லின் முனை உடைந்திருக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றாவது இடத்தில் கபுர் இல்லை. ஆளுயரக் குழி இருந்தது. முனை உடைந்த கல் மண்மேட்டின் மேல் சாய்ந்து கிடந்தது.

தூக்கிவாரிப் போட்டது. குழிக்குள்ளிருந்து ஒருவர் மண்ணை அள்ளி மேலே கொட்டிக்கொண்டிருந்தார். பெயர் சத்தார், இங்கே குழி வெட்டுகிறவர். இது நசீரின் அத்தா இடமாயிற்றே, எப்படித் தோண்டலாம் என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபப்படவில்லை. இடம் பற்றாது, வருடக்கணக்கானால் அதே குடும்பத்து ஆளுக்கு அதே இடத்தைத் திறப்பது வழக்கம்தான், கிடைத்த எலும்பை மரியாதையாகத் துணியில் கட்டி ஓரமாக வைத்திருக்கிறேன், கூடவே வைத்துவிடுவோம் என்றார். குடும்பத்தில் யார் என்று கேட்டேன்.

"நசீரோட அம்மாதாங்க. சுபுஹு நேரத்துல நெஞ்சு வலின்னாங்களாம். பாங்கு சொல்றதுக்குள்ள மவுத்தாயிட்டாங்க."

அதிகாலைத் தொழுகைக்கு அழைப்பதற்குள் இறந்துவிட்டார் என்கிறார். அந்தப் பக்கத்துக் கபுரை மிதித்துவிடாமல் எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. பதினேழு மணி நேரத்துக்கு முன்னால் எலும்போடா தனிக்கறியா என்று கேட்ட குரல். அதற்கு மேல் எதையும் யோசிக்க முடியவில்லை.

12.10க்கு நசீரிடமிருந்து குரல் செய்தி வந்தது. டீசல் போட நிறுத்தியிருக்கிறாராம். உற்சாகமாகப் பேசினார். போட்டோ எடுத்தாச்சா, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுங்கள், அம்மா காலையிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை, அடுப்படியில் இருப்பார் என்றார்.

அவருக்குத் தெரியாது!

குழியைப் பார்க்க வந்திருந்த அவருடைய தாய்மாமனிடம் ஃபோனை நீட்டினேன். அறுபது வயதிருக்கும். தங்கையை இழந்த மனிதர், கண் சிவந்திருந்தது, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"புள்ள வண்டியில கெடக்கான். அறுநூறு கிலோமீட்டர் பாலைவனம். இப்ப சொன்னா ஸ்டேரிங்க எப்புடிப் புடிப்பான்? சாயங்காலம் வண்டிய நிறுத்துன பொறவு சொல்லிக்குவோம். இந்த ஊர்ல எல்லா வூட்லயும் அப்புடித்தாங்க. நீங்க ஏதாச்சும் போட்டோ அனுப்பி வுடுங்க, இல்லாட்டி சந்தேகப்படுவான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்றவளை மண்ணில் வைக்கும்போது மகனுக்குத் தெரியாமலா? ஆனால் அவர் வண்டி ஓட்டுகிற ரோட்டில் நானும் போயிருக்கிறேன். மறுபடி உள்ளே போய், குழிக்கு நான்கு அடி தள்ளியிருந்த வேறொரு கபுரை, தலைமாட்டுக் கல் தெரியாதபடி, படம் எடுத்து அனுப்பினேன். நசீர் உடனே பதில் போட்டார், இடம் சுத்தமாக இருக்கிறது, பார்த்துவிட்டேன், அத்தாவுக்காக இறைவனிடம் துஆ கேட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்று.

திரும்பிப் போக மனம் வரவில்லை. அஸர் தொழுகை முடிந்து, ஐந்து மணிக்குக் கொண்டுவந்தார்கள். பெண்ணுடல் என்பதால் குழிக்கு மேலே நாலு பேர் துணி பிடித்து மறைத்தார்கள். மாமனும் அவர் மகனும் உள்ளே இறங்கினார்கள். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போட்டார்கள். மாமன் என்னைப் பார்த்து வரும்படி கையசைத்தார். நான் வெளியாள், வேறு மதத்துக்காரன், நமக்கென்ன உரிமை என்று கையைக் கட்டிக்கொண்டு வேம்படியிலேயே நின்றுவிட்டேன்.

ஆறரை பஸ்ஸில் பெரம்பலூர் திரும்பினேன். எட்டு மணிக்கு நசீர் கூப்பிட்டார். சொல்லிவிட்டார்கள். அழுது முடித்த குரல்.

"மத்தியானம் அனுப்புனது யாரு கபுருண்ணே?"

தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். போகட்டும், அங்கே படுத்திருப்பவருக்கும் யாராவது துஆ கேட்க வேண்டுமே என்றார். அவர் அப்படிச் சொன்னதும் நான்தான் உடைந்தேன்.

"நீங்க மண்ணு போட்டீங்கள்ல?"

ஒரே நாளில் அந்த மனிதரிடம் இரண்டாவது பொய் சொல்ல வாய் வரவில்லை. போடவில்லை என்றேன்.

"போட்டிருக்கலாம்லண்ணே. நம்ம ரூம்ல இருந்த ஒரு கை போட்டுச்சுன்னாவது இருந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பெரம்பலூரிலேயே தங்குங்கள், லப்பைக்குடிக்காட்டில் தங்க விடுதி எதுவும் என் கண்ணில் படவில்லை. மையவாடிக்குக் காலையில் போவது நல்லது, வெயிலுக்கு முன் எழுத்துக் கற்கள் தெளிவாகத் தெரியும். பள்ளிவாசலில் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் அங்கே இல்லை. செருப்பை வாசலில் விடுங்கள், கபுர்களுக்கு நடுவே பார்த்து நடங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள்.

நீங்கள் போன நாளில் யாரையாவது அடக்கம் செய்துகொண்டிருந்தால், மண் போட வரச்சொல்லி உங்களைக் கூப்பிட்டால், போய் மூன்று பிடி போடுங்கள். வர முடியாத ஒருவருக்காக அந்த மாமன் கையசைத்தார். அது எனக்கு அப்போது புரியவில்லை.