பாவு தீர்வதற்குள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனா பிடித்தால் விரல் வலிக்கும். வாய் மட்டும்தான் எவ்வளவு வேலை கொடுத்தாலும் வலிக்காது. ஆனால் போன வாரம் சவரம் செய்துகொண்டிருந்தபோது, என் இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னாப்பா?" என்று மகள் கேட்டாள். "ஒங்க மாமா எனக்குச் செஞ்ச சீரு" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய மாமா, அதாவது என் மனைவியின் அண்ணன், முள்ளிப்பட்டில் பட்டுத் தறி நெய்தவர். கல்யாணம் முடிந்து முதல் தடவை மாமியார் வீட்டுக்குப் போனபோது, இடுப்புவரை தறிக்குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். சும்மா இருக்க முடியுமா என்னால்? "இன்னா மச்சான், பாதி ஆளத்தான் காணோம். பூமி முழுங்கிடுச்சா?" என்றேன். பதில் வாயிலிருந்து வரவில்லை. குறுக்கு நூல் ஓட்டும் நாடா பறந்து வந்தது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த அந்தக் கட்டை புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. அப்புறம் அவரே குழியிலிருந்து ஏறி வந்து காப்பித்தூளை வைத்து அழுத்தினார். "வலிக்குதா மாப்ள?" என்றார். "இல்ல மச்சான், காத்தோட்டமா கீது" என்றேன். அன்றிலிருந்து என்னை அவருக்குப் பிடித்துப்போனது.

அவர் கை அப்படி. ஆரணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரை அடித்திருக்கிறார். முடி வெட்டிக்கொண்டே அடுத்தவனிடம் கதை பேசியதற்காக நாவிதரை அடித்திருக்கிறார். கோபம் வருவதற்கு முன்பே கை போய்விடும். கோபம் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. வளையல் அடுக்கி முள்ளிப்பட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்று நான் சொன்னதும் மச்சான் தலையை ஆட்டிவிட்டார். ஒருமுறை கையில் தையல் போட ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனவர், வலியில் கத்திய பெண்ணின் தொடையில் ஒரு ஆயா அறைந்ததைப் பார்த்திருக்கிறார். "என் தங்கச்சி மேல எவளாவது கைய வெச்சா நான் சும்மா இருக்க மாட்டன் மாப்ள. அப்பறம் கொழந்தய நீ ஜெயிலுக்குத் தூக்கினு வந்துதான் காட்டணும். வூட்டுலயே பெக்கட்டும்" என்றார். தன் கைக்குப் பயந்து பிரசவத்தை வீட்டில் வைத்த மனுஷனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சிக்கல் தறியில் இருந்தது. வீடென்றால் தறி இருக்கும் அந்த ஒரே அறைதான், பின்னால் அடுப்படி. தறியில் கட்டியிருந்த பாவு, அந்த நீளப் பட்டு நூல் மொத்தமும், முதலாளி கொடுத்தது. அதில் மூன்று புடவை. கடைசிப் புடவை கல்யாணப் புடவை. அது தறியில் இருக்கும்போது வீட்டில் பிரசவம் நடந்தால் தீட்டு. அதை எந்த மணப்பெண்ணும் கட்டமாட்டாள். அதனால் மச்சான் பிரசவத்தைப் பாவை வைத்தே கணக்குப் போட்டார். "மாசம் நெறயறதுக்குள்ள மூணாவதையும் அறுத்துடுவன். தறி காலி. குழி மேல பலகயப் போட்டு பாய விரிச்சா அதான் ஆஸ்பத்திரி." விட்டத்தில் தங்கை பிடித்துக்கொள்ளக் கயிறும் கட்டிவிட்டார். "தலப்புள்ள ஒன் தறியப் பாத்து வராதுப்பா" என்றாள் மருத்துவச்சி. "வரும். நான் கணக்குப் போட்டுகினுதான கீறன்" என்றார். "மச்சான், கொழந்த ஒங்ககிட்ட கூலிக்கு நெய்யல" என்றேன் நான். வழக்கமாக அதற்கு ஒரு அறை விழுந்திருக்கும். ஆனால் பிள்ளை பிறக்கும்வரை யார் மேலும் கை வைப்பதில்லை என்று தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். இரவும் பகலும் நெய்தார். அந்த மாதம் முள்ளிப்பட்டே நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது புடவையில் முந்தானை பாக்கி இருக்கும்போது, ஒரு காலை நேரத்தில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தோம். மருத்துவச்சி வந்து பார்த்து, இனி அசைக்கக்கூடாது என்றாள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் கணக்குப்பிள்ளை புடவையைப் பார்க்க வந்தார். உள்ளே அலறல் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கல்யாணப் பொடவ தறியில கீது. ஜல்தி அவள தூக்கினு போயி மாட்டுக் கொட்டாய்ல போடுங்க."

"கொஞ்சம் இருங்க, உள்ள கேட்டுப் பாக்கறன். ஒரு வேள கொழந்தைக்கே பொடவ புடிச்சிருக்குமோ இன்னாவோ" என்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு நிலைப்படியில் கால் வைத்தார். சத்தியம் அதோடு முடிந்தது. மச்சான் அவர் பின்னங்கழுத்தைப் பிடித்துக் கதவின் விளிம்பில் ஒரே மோது. முன்பல் இரண்டு வாசலில் விழுந்தன. வாயெல்லாம் ரத்தமாக ஓடியவர், கட்டையோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "தூக்கி வெளிய போடுங்கடா அவள" என்றார்.

நான் குறுக்கே போனேன். முழங்காலில் ஒரு அடி, மண்ணில் விழுந்தேன். விழுந்த இடத்தில் ஒரு கெண்டைக்கால் இருந்தது. கடித்தேன். விடவே இல்லை. தலையில் இன்னொரு அடி விழுந்த பிறகுதான் வாய் திறந்தது. நிமிர்ந்து பார்த்தால், மச்சான் யாரையும் அடிக்கவில்லை. வாசக்கால் இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். கட்டை தோளில் விழுந்தது, விலாவில் விழுந்தது, பிடித்திருந்த விரல்கள்மேல் விழுந்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஊரையே அடித்த அந்தக் கை அசையவில்லை. உள்ளே என் மனைவி, "அண்ணா, அண்ணா" என்றுதான் கத்தினாள். என்னைக் கூப்பிடவில்லை.

அப்புறம் குழந்தை அழுதது. அந்தச் சத்தத்தில் கட்டை நின்றது. தீட்டு விழுந்தாகிவிட்டது; காப்பாற்ற ஒன்றுமில்லை. "பேஜார் புடிச்ச வூடு" என்று துப்பிவிட்டு மூவரும் போய்விட்டார்கள். மச்சானின் விரல்களை வாசக்காலிலிருந்து ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். "ஏன் மச்சான் அடிக்கல?" என்றேன். "ஒருத்தன அடிச்சினு இருந்தா இன்னொருத்தன் உள்ள பூந்துடுவான் மாப்ள" என்றார்.

சண்டைக் கதை ஆரணி, சேவூர் எல்லாம் பரவிவிட்டதால் அந்தப் புடவையை முதலாளியால் எங்கும் தள்ள முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதை அறுத்துத் தூளி கட்டினோம். சுத்த ஜரிகை மேல் மூத்திரம் பெய்த பெருமை எங்கள் ஊரில் என் மகள் ஒருத்திக்குத்தான். மச்சானுக்கு வலது கை தோளுக்கு மேலே தூக்க வராது. அப்புறம் குழியில் உட்காரவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். பிள்ளைகள் அவரைக் கேலி செய்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அன்றைக்கு என்னிடம் கடி வாங்கியவன் சேவூர்க்காரன், இப்போது என் சிநேகிதன். கூலிக்குக் கட்டை தூக்கிய வயசு அது என்பான். எழுதி முடித்ததும் டீக்கடையில் உட்கார்ந்து முதலில் அவனுக்குத்தான் படித்துக் காட்டினேன். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான். அப்புறம் சொன்னான்:

"அவரு ஒரு கைய எடுத்து ஓங்கியிருந்தாக்கூட நாங்க ரெண்டு பேரும் அப்பவே ஓடிப்போயிருப்போம்டா."