தவராசாவின் லொறியும் எண்பத்தொன்பதாம் மொடல் டர்போவும்

தவராசாவைப் பாலத்தடி ஆமிக் காவலரணில், அதுதான் சென்ரியில், பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, நான் களுதாவளையில் என்னுடைய கராஜில் ஒரு கியர்பொக்ஸைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தேன். தவராசா என் மனைவியின் அண்ணன். சொந்தமாக ஒரு ஜப்பான் டீசல் லொறி ஓட்டினான். மண்டூர்ப் பக்கத்து வயல் வட்டைகளில் வெட்டும் நெல்லை ஏற்றி, வாவிக்கு இக்கரையில் உள்ள மில்லுக்குக் கொண்டுவருவது அவன் தொழில். சண்டை நடந்த அந்த நாட்களில் ஒருவரைப் பிடித்து வைத்தார்கள் என்றால், திரும்பி வருவார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

செய்தி கொண்டுவந்தவர் பாலத்தடியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர்.

"என்ன குற்றமாம்?" என்று கேட்டேன்.

"லொறி ஷெல் அடிச்சதாம்."

"லொறி எப்படி ஷெல் அடிக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? ஷெல் கூவுற சத்தம் கேட்டிச்சு. ஆமிக்காரனெல்லாம் பங்கருக்குள்ள பாஞ்சான். மறுகா எழும்பிப் பாத்தா, உங்கட மச்சான்ட லொறி வந்து நிக்குது."

அந்த லொறிக்கு டர்போ மாற்றிக் கொடுத்தவன் நான்தான்.

டர்போ என்பது, இஞ்சினை விட்டு வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, உள்ளே காற்றை அமுக்கிக் கொடுக்கிற சாமான். தவராசாவின் லொறி எண்பத்திநாலாம் மொடல். அதன் டர்போ தேய்ந்து, ஒயில் எரிந்து, நீலப்புகை கக்கியது. புதுச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய்வருவது அப்போது லேசான காரியமா? ஏறாவூரில் ஒரு பழைய இரும்புக்கடையில் எண்பத்தொன்பதாம் மொடல் டர்போ ஒன்று கிடந்தது.

"ஒரே இஞ்சின்தானே மச்சான், தூக்கிப் போடு" என்றான் தவராசா.

ஒரே இஞ்சின்தான். ஆனால் ஜப்பான்காரன் சும்மா இருப்பானா? நாலைந்து வருசத்துக்கு ஒருதரம் எதையாவது மாற்றிவைத்து என் உயிரை வாங்குவான். புகைப்பக்கத்து ஓட்டைகள் பொருந்தவில்லை. பழைய டர்போவின் புகைப்பக்கத்து வெளிக்கூட்டைக் கழற்றிப் புதியதன் நடுப்பாகத்தில் பூட்டினேன். பேசி வைத்ததுபோல் அது பொருந்தியது. ஒயில் இறங்கும் வாய் நேரே கீழே பார்க்க வேண்டும். போல்ட்டுகளை இளக்கித் திருப்பி, அதையும் சரிசெய்தேன். மிஞ்சியது ஒரே ஒரு தொல்லை. காற்று வெளியே போகும் வாய் பழைய குழாயைவிட அகலம். அதற்கேற்ற ஹோஸ் ஊரிலேயே இல்லை. குழாயில் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கி, ஹோஸைக் கொழுவி, கிளிப் போட்டு இறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணி நன்றாக முறுக்கிப் பார்த்தேன். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்போடுதான் அன்று சோறு தின்றேன்.

நின்ற இடத்தில் முறுக்கினால் டர்போ பெரிதாக ஊதாது. பாரம் ஏற்றி மேட்டில் மிதிக்கும்போதுதான் முழுமூச்சாக ஊதும். அப்படி ஊதியபோது சைக்கிள் டியூப்பின் மடிப்புக்குள்ளால் காற்று பீறிட்டிருக்கிறது. மெல்லிதாகத் தொடங்கி, ஏறி, கூவி, அவன் காலை எடுத்ததும் தாழ்ந்து நிற்கும். ஆகாயத்தில் ஷெல் குண்டும் அப்படித்தான் கூவிக்கொண்டு வரும். மண்டூர் வட்டையில் வெட்டுக்காரர்கள் அரிந்து போட்ட உப்பட்டிகளுக்கு நடுவே குப்புற விழுந்து, எழும்பிப் பார்த்து, லொறியைக் கண்டு, அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். இந்த எருமை என்னிடம் வந்து ஒரு சொல் சொல்லவில்லை.

"ஹோர்னே தேவையில்ல மச்சான். மாடு, நாய், சைக்கிள் எல்லாம் தானா விலகுது" என்று பிறகு சொன்னான். ஒரு கிழமையாக வட்டைப் பக்கமே அப்படி ஓடிவிட்டு, அன்றுதான் பாரத்தோடு பாலம் ஏறியிருக்கிறான்.

செய்தி கேட்ட என் மனைவி அழவில்லை. வாசலில் வந்து நின்றாள். "என்ட அண்ணனக் கூட்டிக்கொண்டு வராம இந்தப் படலையத் திறக்காதீங்க" என்றாள். ஸ்பனர்கள் கிடந்த சாவிப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மாமாங்கத்துப் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

சென்ரியில் தவராசாவின் சேர்ட்டைக் கழற்றி, அவனை மண்ணில் இருத்தியிருந்தார்கள். மூட்டைகளை இறக்கிக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டார்கள். மெலிந்த ஒரு கப்டன், தமிழ் தெரிந்தவர், மெக்கானிக்கைச் சிங்களத்தில் கூப்பிடுவதுபோல் என்னைப் பாஸ் என்று கூப்பிட்டார்.

"பாஸ், நீங்கதான் இத செஞ்சது?"

"ஓம் சேர். அது டர்போ சேர். காத்து லீக்."

"சத்தம் போட்டுக் காட்டுங்க."

ஸ்டார்ட் பண்ணி முறுக்கினேன். இஞ்சின் பஞ்சுபோல ஓடியது. இன்னும் முறுக்கினேன். ஒரு கீச்சு இல்லை. ஒரு வாகனம் நன்றாக ஓடுகிறதே என்று நான் நடுங்கியது அன்று ஒருநாள்தான். கப்டனின் முகம் மாறியது.

"இண்டைக்கெண்டு பாத்து நல்லா வேலை செய்யுதேடா!" என்று தவராசா மண்ணிலிருந்து புலம்பினான்.

"லோட் வேணும் சேர். பாரம் இல்லாம இது கூவாது" என்றேன்.

கப்டன் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ கத்தினார். நின்ற சிப்பாய்கள் எல்லாரும் லொறியில் ஏறினார்கள். தவராசா ஓட்ட, நான் நடுவில், கப்டன் ஜன்னல் ஓரத்தில். பாலத்து மேட்டில் ஏறும்போது, "இப்ப வரும் சேர், பயப்படாதீங்க" என்று சொன்னேன். கப்டனும் பின்னால் திரும்பிச் சொல்லிவைத்தார்.

வந்தது.

பின்னால் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து படுத்துவிட்டார்கள். ஒருவன் குதித்து வாவிச் சேற்றில் விழுந்தான். கப்டனின் தலை டேஷ்போர்ட்டுக்குக் கீழே இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தலையும் அங்கேதான் இருந்தது. அந்தச் சத்தத்தைச் செய்தவன் நானே படுத்துவிட்டேன். தவராசா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து இருந்தான்.

"இதுதான் சேர்" என்றான்.

கப்டன் தொப்பியை எடுத்துப் போட்டு, பின்னால் எட்டிப் பார்த்து, கண்ணீர் வரச் சிரித்தார். "பாஸ், இங்கயே சரி பண்ணிட்டுப் போங்க" என்று சொல்லி, தங்கள் ட்ரக்குக்கு வைத்திருந்த தடித்த ரப்பர் ஹோஸில் ஒரு துண்டும் தந்தார். அதை வெட்டிப் பூட்டி, சிப்பாய்களை ஏற்றி மறுபடியும் அதே மேட்டில் ஓடிக் காட்டினேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. பின்னால் கைதட்டினார்கள். போகலாம் என்றார்கள்.

மூட்டைகளை நாங்கள் இருவருமே முதுகு முறிய ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மில்லுக்குப் போகும் வழியில் லொறியை நிறுத்தச் சொன்னேன். புது ஹோஸ் சூடானதும் கிளிப்பை ஒருதரம் இறுக்க வேண்டும். தவராசா இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். நான் ஸ்பனரைக் கையில் எடுத்தேன்.

அப்போது கூவியது. மெல்லிதாகத் தொடங்கி, ஏறிக்கொண்டு வந்தது.

"இன்னும் லீக்தானடா மச்சான்" என்று சொல்லித் தவராசா குனிந்து ஹோஸைப் பார்த்தான்.

அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து லொறிக்குக் கீழே இழுத்தேன். முதலில் சாரம் வந்தது, பிறகு அவன் வந்தான். ஷெல் வாவிக்குள் விழுந்தது. பொனட்டில் சேறும் தண்ணீரும் கொட்டின.

சாரம் இல்லாமல், மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டான்:

"இஞ்சின் ஓஃப்தானே மச்சான்?"

"ஓம்டா."

"நான் டர்போ எண்டுதான் நினைச்சன்."

அவன் கையைப் பிடித்தேன். விடவே மனம் வரவில்லை.

இப்போது கராஜில் நிற்கிற பொடியன்மாருக்குச் சொல்கிறேன். ஒரு மொடலின் சாமானை இன்னொரு மொடலுக்குப் போட்டால், பாரம் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பாராமல் அனுப்பாதீர்கள். ஏதும் சத்தம் வருகிறதா என்று டிரைவரிடம் கேட்டு நம்பாதீர்கள். அவனுக்கு அது பழகிப்போயிருக்கும். நீங்களே பக்கத்தில் ஏறியிருந்து கேளுங்கள்.