முனுசாமிக்கு முன்னால் பிறந்த முனுசாமி

வம்சாவளி அட்டைக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில உயிரோட இருக்கிறவங்க தொல்லை கொஞ்சந்தான். செத்துப்போனவங்க படுத்துற பாடுதான் தாங்க முடியாது.

சிலிபின்ல ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை. தாத்தாவோ பூட்டனோ இந்தியாவுல பிறந்தவர்னு காட்டினா, அங்க விசா இல்லாம எத்தனை நாள் வேணும்னாலும் தங்கிக்க ஒரு அட்டை கொடுக்கிறாங்க. காட்டுறதுன்னா சும்மா இல்லை. சான்றிதழை இங்க மலாய்ல சூராட்னுதான் சொல்லுவோம். நம்ம பிறப்பு சூராட், அப்பாவோடது, தாத்தாவோடது எல்லாத்துலயும் ஆளும் பேரும் ஒத்துப்போகணும். ரப்பர் தோட்டத்துல பிறந்த நம்ம ஆளுங்களுக்கு அது எங்க ஒத்துப்போகுது? உங்க வீட்டு அலமாரியிலயும் அப்படி ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், போய்ப் பாருங்க.

லயத்துக்கே ஒரு அப்பா

தாப்பாவுல இருந்து ரெண்டு பேர் ஒண்ணா வந்தாங்க, சம்பந்திங்க. ரெண்டு பேரோட தாத்தா சூராட்லயும் தகப்பன் இடத்துல ஒரே பேர். விசாரிச்சா, அது கங்காணி பேர். லயத்துல பிறந்த பிள்ளைங்களுக்கெல்லாம் கங்காணியே மொத்தமா டவுனுக்குப் போய்ப் பதிஞ்சிருக்கார். எழுதினவர், வந்து நின்னவரையே அப்பன் ஆக்கிட்டார். நான் இதைச் சொன்னதும் மூத்தவர் சம்பந்தியை மேலயும் கீழயும் பார்த்தார்.

"அப்ப நாம பங்காளிங்களா, லா? அய்யய்யோ, பங்காளி வீட்டுலயா பொண்ணு எடுத்தேன்!"

குண்டூசி குத்தின ரெண்டு தாள்

லெட்சுமி வந்தப்போ இப்படிச் சிரிக்க முடியலை. கோப்பெங்காரி. கையுறை ஃபேக்டரியில வேலை பார்த்து, வயசாகி நின்னவ. ஒரே மகளைத் திருச்சியில கட்டிக் கொடுத்திருக்கா. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு, இது மூணாவது. டாக்டர் படுக்கையை விட்டு எழும்பக் கூடாதுன்னுட்டார். மாமியாரும் இல்லாத வீடு. பிரசவம் முடிஞ்சு பிள்ளை தவழுற வரைக்கும் மகளோட இருக்கணும்னா இந்த அட்டை கிடைச்சாகணும். சுற்றுலா விசாவுல அத்தனை நாள் விடமாட்டாங்க.

பையைத் திறந்தேன். அவ அப்பா முனுசாமியோட பிறப்பு சூராட். அதோட குண்டூசி குத்தி, அதே முனுசாமியோட இறப்பு சூராட். ரெண்டு வயசுல காய்ச்சல். ஆனா அப்பா கல்லு மாதிரி அவ வீட்டுல இருக்கார். எனக்கு விளங்கிடுச்சு. மூத்த பிள்ளை போயிடுச்சு. அடுத்ததுக்குப் பேர் பதியணும்னா ஒரு நாள் பால்மரம் வெட்டுறதை விட்டுட்டு டவுனுக்குப் போகணும். அண்ணன் தாள் சும்மாதானே கிடக்கு, அதையே தம்பி வச்சுக்கட்டும்னு விட்டுட்டாங்க. மறைக்கவும் வழியில்லை, புதுசா எடுத்த நகல் ஓரத்துலயும் அந்த இறப்புக் குறிப்பு இருந்துச்சு. லெட்சுமி ரெண்டு தாளையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

"எங்கப்பா ரெண்டு வயசுலயே செத்துட்டார்னா, நான் எங்கேருந்துக்கா வந்தேன்?"

சத்தியம் பண்ண வந்தவர்

இதுக்கு ஒரே வழிதான். பெரியவரே வந்து, 'நான் அந்த முனுசாமி இல்லை, அவனுக்குப் பின்னால பிறந்த தம்பி'ன்னு சத்தியப் பிரமாணம் செய்யணும். வந்தார். சலவைச் சட்டை, நெத்தி நிறைய விபூதி. பிரமாணத் தாள்ல உண்மையான பேருக்கு ஒரு கோடு காலியா இருந்துச்சு. கேட்டேன். "லயத்துல சின்னவன்னுதான் கூப்பிடுவாங்க. வேற பேரே வைக்கலையேம்மா"ன்னார். சரி, அதையே எழுதுறேன்னு பேனாவை எடுத்தா, கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். அண்ணனைப் புதைச்ச இடத்துல வெத்தலை பாக்கு வச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறாராம், ஒரு வாரம் பொறுக்கணுமாம். அந்தத் தோட்டமே இப்ப ரப்பரை அழிச்சுட்டு எண்ணெய்க்காகப் போட்ட செம்பனைக் காடு.

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வெளியில ஏழு பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. "ஐயா, பேத்தி அங்க படுத்த படுக்கையா கிடக்கா, நீங்க செத்தவங்ககிட்ட பர்மிஷன் கேக்குறீங்களா?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்தத் தோட்டம் கோப்பெங் பக்கந்தான், என் காடியிலேயே கூட்டிட்டுப் போய் அன்னிக்கே திரும்பியிருக்கலாம். என் நாக்குல சனி. பெரியவர் எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில ஒழுங்காத் தள்ளி வச்சார்.

"எண்பது வருசம் அவன் பேர்ல சாப்பிட்டிருக்கேன்மா, சொல்லாம எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

மூணாவது தாள்

அப்புறம் அவர் வரலை. நானும் போன் போடலை. வேணும்னா அவங்களே வரட்டும்னு ஒரு வீம்பு. மூணாவது வாரம் லெட்சுமி தனியா வந்தா. காலையில காபி குடிச்சுட்டுச் சாய்ஞ்சவர் எழும்பவே இல்லையாம். அவருக்காகச் சத்தியம் பண்ண அந்த லயத்து ஆளுங்க யாரும் மிச்சமில்லை. மகளுக்கு அப்ப ஏழாவது மாசம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவ என்னைத் திட்டலை. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். புது இறப்பு சூராட்டை எடுத்துப் பழசுக்குப் பக்கத்துல வச்சா.

"இப்ப ரெண்டு முனுசாமியும் செத்துட்டாங்கக்கா. இனிமேலாச்சும் ஒத்துப்போகுமா?"

ஒத்துப்போகலை. சுற்றுலா விசாவுல போனவ, பேரனுக்குக் கழுத்து நிக்கிறதுக்குள்ள திரும்பி வந்துட்டா.

ஊரார் பூட்டனையெல்லாம் தேடிப் பிடிக்க எனக்கு நேரம் இருந்துச்சு, எதிர்ல உட்கார்ந்திருந்த மனுசருக்கு ஒரு வாரம் கொடுக்கத்தான் நேரம் இல்லாம போச்சு.