ஸ்ட்ரெச்சரில் படுத்த தலைவர்

சென்ற வருடம் சாரல் சீசனில், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையோரத் தோப்பு ஒன்றில் நடந்தது இது. நான் தென்காசியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் சேவைச் சங்கத்துக்கு அந்த வருடம் நான்தான் தலைவர்.

அதுவரை இளைஞர்களுக்கு எங்கள் சங்கம் செய்ததெல்லாம், நோட்டுப் புத்தகம் கொடுப்பது, கொடுப்பதைப் போட்டோ எடுப்பது. இரண்டாவது வேலைக்குத்தான் அதிக நேரம் ஆகும். இந்த முறை உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதலுதவிப் பயிற்சி ஏற்பாடு செய்தோம். அருவிக்கரையில் யாராவது விழுந்தால் ஓடிப்போய் உதவலாம். போலீஸ், நர்சிங் என்று போகிறவர்களுக்கும் பயன்படும்.

கடையநல்லூரிலிருந்து ஒரு நர்ஸ் அம்மா வந்து காலை முழுக்க வகுப்பெடுத்தார். நான் உட்கார்ந்து கேட்கவில்லை. பேனரில் என் முகம் இருந்த பக்கம் காற்றில் மடங்கி மடங்கி விழுந்தது. அதை இழுத்துக் கட்டவும், வடைக்குச் சொல்லவும், வெளியே நின்று போன் பேசவுமே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

மத்தியானம் அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கும் பயிற்சி. நோயாளியாகப் படுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் நர்ஸ். ஒல்லியான பையன் ஒருவன் முன்னால் வந்தான். “தலைவர்னு நான் எதுக்கு இருக்கேன்?” என்று நானே போய்ப் படுத்துவிட்டேன். என் எடை நூறு கிலோவுக்கு மேல் என்பது அந்த உற்சாகத்தில் எனக்கு மறந்துவிட்டது. தூக்கப் போகிறவர்களுக்கு மறக்கவில்லை.

“மயக்கத்துல இருக்கவரு கண்ணத் தொறக்கக் கூடாது சார்” என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவர்களில் கடையம் ஊரைச் சேர்ந்த பெண் ஒருத்தி தலைமாட்டில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வேண்டும். இரண்டு வருவதற்குள் சிரித்துவிடுவாள். அவள் சிரித்தால் மற்ற ஐந்து பேருக்கும் கை தளர்ந்துவிடும். நான்கு தடவை தூக்கி, நான்கு தடவையும் கீழே வைத்தார்கள்.

அதற்குள் அருவிக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். கண்ணைத்தானே மூடியிருந்தேன், காது நன்றாகக் கேட்டது.

“ஏலே, என்னலே ஆச்சு? பாறையில வழுக்கிட்டாரா?”

“ஆள் முடிஞ்சிட்டாருன்னு நெனைக்கேன்.”

“இல்ல அண்ணாச்சி, வயிறு ஏறி எறங்குதுல்லா.”

“பாவம், எவ்வளவு செலவழிச்சு வளத்த ஒடம்பு!”

யாரோ என் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்கள். விரலில் அருவிக் குளியலுக்குத் தேய்த்த மசாஜ் எண்ணெய் வாடை. தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் தடவை ஒருவழியாகத் தூக்கிவிட்டார்கள். இரண்டடி போயிருப்போம், கூட்டத்தில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அடுத்த நொடி நான் தொப்பென்று சகதியில் கிடந்தேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். “ஏட்டி, பொணம் எந்திரிக்குது!” என்று ஒரு அம்மா கத்த, நாலைந்து பேர் சிதறி ஓடினார்கள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் வலிப்பு வந்து தரையில் விழுந்து கிடந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அலறியது அவர் மனைவி. “இரும்பு குடுங்க, இரும்பு!” என்று யாரோ கத்தினார்கள். நான் கடைச் சாவிக் கொத்தை உருவிக்கொண்டு ஓடி, அவர் கையில் திணிக்கக் குனிந்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பிடித்தது. அந்தக் கடையத்துப் பெண். முகத்தில் சிரிப்பே இல்லை.

“சாவிய உள்ள வைங்க சார். கையில, வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாது. தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றேன். தன் துப்பட்டாவை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தாள். இழுப்பு எத்தனை நிமிடம் என்று ஒரு பையன் போனில் நேரம் பார்த்தான், ஒருவன் 108-ஐ அழைத்தான். இன்னும் சிலர் பேனரை அவிழ்த்துக் கூட்டத்துக்கு மறைப்பாகப் பிடித்தார்கள். அதிலிருந்து என் முகம் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் அருகில் நின்று தலையை மட்டும் ஆட்டினார். இழுப்பு அடங்கியதும் அந்த இளைஞரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் விழித்து, “எங்க இருக்கேன்?” என்றார்.

“குத்தாலத்துலதான் அண்ணா. ஒண்ணும் இல்ல, அக்கா ஒங்க பக்கத்துலயே இருக்காவ” என்றாள் அவள்.

ஆம்புலன்ஸ் வந்து அவரை அழைத்துப் போனது. சாயங்காலமே நன்றாகிவிட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கடையத்துப் பெண் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். டீ கொடுத்தேன். “எப்படிம்மா அவ்வளவு தைரியமா நின்ன?” என்று கேட்டேன்.

“பயந்துக்கிட்டேதான் சார் அவருகிட்ட ஓடுனேன். காலையில மேடம் சொன்னதத்தான் செஞ்சேன். நீங்க அப்ப வெளிய நின்னீங்கல்லா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

குத்திக்காட்டச் சொல்லவில்லை அவள்; எனக்காகப் பரிந்துதான் பேசினாள். அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

அடுத்த மாதமே அந்த நர்ஸை மறுபடி வரவழைத்து, சங்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்து முழு வகுப்பையும் கேட்டோம். இளைஞர்களுக்கு நல்லது செய்கிறோம் என்று இத்தனை வருடம் மேடையில் பேசியவன் நான். அவர்கள் கற்கும்போது கூடவே உட்கார்ந்து கற்கத் தெரியாதவனுக்கு அப்படிப் பேச உரிமை இல்லை என்று இன்று நினைக்கிறேன்.