ஏழு பேருக்கு ஒரே எடை

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் யாழ்ப்பாணத்தில் என்னோடு ரியூசன் வகுப்பில் படித்தவள். அவளைக் கட்டுவதென்று நானும், என்னைக் கட்டுவதென்று அவளும் முடிவெடுத்து இரண்டு வருடங்களாகியிருந்தன. அவளுடைய அப்பாவின் சம்மதம் மட்டும்தான் மிச்சம். நான் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்.

"பெடியன் வருத்தக்காரன் மாதிரிக் கிடக்கிறான். நோயாளியைப் பாக்கவோ என்ரை பிள்ளையை அனுப்பிறது?"

வேறொரு சம்பந்தம் வாசல்வரை வந்துவிட்டதாம். சித்திரைக்குள் நல்ல சதைப்பிடிப்பான படம் ஒன்று அனுப்பினால் அப்பா யோசிப்பாராம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐம்பத்தொரு கிலோ ஒரு குற்றமா? ஹைமில், அதாவது எங்கள் அகதி விடுதியில், என்னோடு அறையில் இருந்த அண்ணை கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, கோட்டுக்குள்ள ரெண்டு சுவெற்றரைப் போட்டிட்டு நில்லும். நான் படம் எடுத்துத் தாறன்."

"ஏலாது அண்ணை. முகத்துக்கு என்னத்தைப் போடுறது?"

அன்றே சாப்பிடத் தொடங்கினேன்.

அப்போது டுசெல்டோர்ஃப் நகரில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நகரில் ஜப்பானியக் கம்பனிக்காரர்கள் நிறையப் பேர் குடும்பத்தோடு இருந்தார்கள். கடையில் நாங்கள் ஏழு பேர்: முதலாளியம்மா, தலைமைச் சமையல்காரர், இரண்டு உதவிச் சமையல்காரர்கள், பரிமாறும் பெண்கள் இருவர், நான். என்னைத் தவிர எல்லோரும் ஜப்பானியர். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன் ஒன்றுதான்.

கடை திறக்குமுன் தினமும் காலையில் எல்லோரும் குசினியில் அடுப்புகளுக்கு நடுவே வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும். பியானோ வாசிக்கும் ஒரு கசெட் ஓடும். கை தூக்கு, குனி, நிமிர், மெல்லத் துள்ளு. சின்னப் பிள்ளையிலிருந்து பழகியதாம், ஒருவரும் யோசிக்காமலே செய்வார்கள். இதைச் செய்தால் வயிறு குறையுமா என்று தலைமைச் சமையல்காரரிடம் ஒருமுறை கேட்டேன். தொண்ணூற்றெட்டுக் கிலோ மனிதர். தன் வயிற்றில் தட்டினார்.

"இது ஏன் குறைய வேண்டும்? மெலிந்த சமையல்காரனின் சோற்றை யார் நம்புவார்கள்? வேலை தொடங்குமுன் எல்லோருக்கும் ஒரே மூச்சு வர வேண்டும். அதற்குத்தான் பயிற்சி."

எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று.

எல்லாம் மாறியது முதலாளியம்மா புது வருடத்துக்கு ஊருக்குப் போய்வந்த பிறகுதான். அங்கே எல்லோரும் மெலிகிறார்களாம். தொந்தி வைத்த மேலாளரைக் கண்டு பயந்த காலம் போய், இப்போது இளம் பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். இங்கேயும் கம்பனிக்காரர்களின் மனைவிமார் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஏரோபிக்ஸ் ஆடத் தொடங்கியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டில் பாதிச் சோறு கிண்ணத்திலேயே திரும்பி வந்தது. பியானோ கசெட் போய், டிஸ்கோ கசெட் வந்தது. குசினியில் ஒரே துள்ளல், சட்டிகளெல்லாம் கிலுங்கின.

அதோடு போயிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை முதலாளியம்மா ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். நாங்கள் எல்லோருமாக இருபத்திரண்டு கிலோ குறைய வேண்டும் என்றார். தனித்தனியாக நிறுத்தால் ஆருக்கும் வெட்கமாக இருக்குமென்று, அரிசி மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் முதலில் மூன்று பேரையும் பிறகு நான்கு பேரையும் ஏற்றினார். யார் யாரோடு ஏறுவது என்பதைக்கூட வாரத்துக்கு வாரம் மாற்றினார். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே எடை: நானூற்று அறுபத்திரண்டு.

அவர்கள் இறங்க வேண்டும், நான் ஏற வேண்டும், எண்ணோ ஒன்று.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களஞ்சிய அறையில் நின்றபடி அண்டாவின் அடிச்சோற்றையும் டின்மீனையும் விழுங்கினேன். ஹைமில் காலையும் மாலையும் முட்டை அடித்துக் கலந்த கோப்பி. உடற்பயிற்சியில் பின்வரிசை பிடித்துக்கொள்வேன். கை மட்டும் ஆடும், கால் நிலத்தைவிட்டு எழும்பாது. சேர்த்த சதையைத் துள்ளித் தொலைக்க நான் என்ன விசரனா?

முதல் வாரம் நானூற்று அறுபத்திரண்டு. மூன்றாம் வாரமும் அதே. ஆறாம் வாரம் நானூற்று அறுபத்தொன்று. தலைமைச் சமையல்காரருக்குத் தராசில் சந்தேகம் வந்தது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தார். முள் சரியாக இருபத்தைந்தில் நின்றது. தன்னால்தான் மற்றவர்களின் உழைப்பு வீணாகிறது என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து சோற்றை விட்டு, கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் அவித்த தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் காலை, டிஸ்கோவுக்கு நடுவில் அவருடைய முகம் வெளுத்தது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். பரிமாறும் பெண் ஒருத்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் மூச்சு வாங்கியபடி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான்!" என்று கத்திவிட்டேன். "நான் ஐந்து கிலோ ஏறியிருக்கிறேன்!"

இசையை நிறுத்தினார்கள். என் ஜெர்மனில் பாதி, கையால் மீதி, எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். தலைமைச் சமையல்காரர் நிலத்தில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"படம் இருக்கிறதா?"

பர்சில் இருந்த அவளுடைய படத்தைக் கொடுத்தேன். ஆறு பேரும் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். முதலாளியம்மா மட்டும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் நானூற்று அறுபத்தொன்றை அழித்தார்.

"நீ ஏற வேண்டியவன். நீ ஏறினால் எங்களுக்கும் வெற்றிதான். நீ ஏறிய ஐந்து கிலோவை ஒருமுறை கழிப்போம், அது வெற்றி என்பதால் இன்னொருமுறையும் கழிப்போம்."

நானூற்று ஐம்பத்தொன்று என்று எழுதினார். குசினியே கூத்தாடியது.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டது ஒரு குடும்பத்துக்குப் போதும். தலைமைச் சமையல்காரர் பன்றிக் கொழுப்பு மினுங்கும் சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்காருவார். தன் கோவாவைக் கடித்தபடி என் வாயையே பார்த்து எச்சில் விழுங்குவார். சனிக்கிழமைகளில் என்னைத் தனியே தராசில் ஏற்றுவார்கள், முள் அசைந்ததும் ஏழு பேரும் சேர்ந்து ஓவென்று கத்துவோம். உடற்பயிற்சியிலிருந்து விலக்குக் கேட்டுப் பார்த்தேன். அது மட்டும் நடக்காது என்றார்கள், வரிசையில் ஓர் ஆள் குறைந்தால் அது வரிசை இல்லையாம். ஆனால் எனக்காகப் பழைய பியானோ கசெட் திரும்பி வந்தது. டிஸ்கோ முடிந்ததும் அதை ஒரு சுற்று ஓடவிட்டார்கள். அப்போது என் கால்களும் நிலத்தைவிட்டு எழும்பின.

சித்திரை பிறக்குமுன் நான் அறுபது கிலோ. கரும்பலகையில் நானூற்று நாற்பது. அன்றைக்கே கடை வாசலில் படம் எடுத்தோம். நான் தனியாக நிற்பதாகத்தான் திட்டம். தலைமைச் சமையல்காரர் வந்து பக்கத்தில் நின்றார். பிறகு எல்லோரும் வந்துவிட்டார்கள், வெள்ளை உடுப்போடு, மெலிந்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்தியபடி. ஹைமில் அண்ணை அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"கலியாணத்துக்கு ஆராவது குறூப் படம் அனுப்புவினமோ தம்பி?"

அனுப்பினேன். ஏழு வாரம் பதில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைச் செய்தி வரும்போதெல்லாம் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கடிதம் வந்த அன்று உடைக்கத் துணிவில்லாமல் குசினிக்குக் கொண்டுபோனேன். ஆறு பேரும் சுற்றி நிற்க உடைத்தேன்.

"அப்பா ஓம் எண்டிட்டார்" என்று தொடங்கியிருந்தது. நான் சத்தம்போட்ட சத்தத்தில் வாடிக்கையாளர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பிறகு மிச்சத்தை வாசித்து, அவர்களுக்கு ஜெர்மனில் சொன்னேன். அப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டாராம்:

"மாப்பிள்ளை பறவாயில்லை. ஆனா பக்கத்தில நிக்கிறவருக்குச் சட்டை தனியத் தொங்குது. மற்றதுகளும் வத்திப்போய்க் கிடக்குதுகள். ஏன், முதலாளி சோறு போடுறேல்லையோ?"

முதலாளியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைமைச் சமையல்காரர் என்னை மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தார். அந்த வரிகளைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லி, தராசுக்கு மேலே ஒட்டினார்.

அடுத்த வருடம் அவள் வந்தாள். கொழும்பிலும் பயணத்திலும் அலைந்து, அந்தப் பழைய படத்தில் நான் இருந்ததைவிட மெலிந்து போயிருந்தாள். குசினிக்குள் கூட்டிவந்தேன். சுவரில் தமிழ் எழுத்தைக் கண்டு கிட்டப் போனாள். அப்பாவின் சொற்களைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கியவளுக்கு, "சோறு போடுறேல்லையோ" என்ற இடத்தில் குரல் உடைந்துபோயிற்று. அவரை விட்டுவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவளுக்குப் பின்னால் தலைமைச் சமையல்காரர் ஒரு கிண்ணம் நிறையச் சோற்றோடு நின்றுகொண்டிருந்தார்.