என் சிவப்பு மையும் அவளுடைய விண்ணப்பமும்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர் ஆஸ்டின் டவுன் பேட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கீழே பன் வேகும், மேலே நான் வேகுவேன்.

வந்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் ஆட்கள் நேற்று போகிறார்கள், நாளைக்கு வந்தார்கள். 'தி' என்ற சொல்லைச் சிலர் கொத்தமல்லி மாதிரி எல்லாவற்றின் மேலும் தூவினார்கள். சிலர் வீட்டில் அதை வாங்கும் வழக்கமே இல்லை. முற்றுப்புள்ளியைத் தேடிக்கொண்டு பக்கத்தின் கடைசி வரை நடந்திருக்கிறேன். எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் சொந்த வாக்கியங்களை எழுதிக் கொடுப்பேன். அவை அழகான வாக்கியங்கள் என்று அன்று முழு மனதாக நம்பினேன்.

ஜோகுபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் காலர் தைக்கிற டெய்லர், முப்பது வயதிருக்கும். அங்கே லைன் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் கையாலேயே ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எட்டு வருடமாகக் காலர் தைத்தவளுக்கு அந்த இடம் வேண்டும். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் அடித்தேன். அடித்து முடித்தபோது அவள் எழுதியதில் பேரும் தேதியும்தான் மிச்சம். என் வாக்கியங்களை அவள் அழகாகப் பார்த்தெழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் மாலை திரும்பி வந்தாள். பையைப் பெஞ்சின் மேல் வைத்த விதமே சரியில்லை.

"இன்னா சார், மாட்டி வுட்டுட்டீங்களே."

"என்னம்மா ஆச்சு? தப்பு இருந்துதா?"

"தப்பு இல்லாததுதான் சார் தப்பு. வேலைக்கு ஆள் எடுக்குற பர்சனல் ஆபீசர் ரெண்டு வரி படிச்சாரு, சிரிச்சாரு, டிராயர்ல போட்டுட்டாரு. இத்த நீ எழுதல, நாளைக்குக் காலைல நீயே எழுதிக் கொண்டா, இல்லன்னா இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னாரு. லைன்ல எல்லாம் கேட்டுக்கினு இருந்தாங்க."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதே கடிதம் இருக்கட்டும், அங்கங்கே சில பிழைகளை நடுவோம். இத்தனை வருடம் களை பிடுங்கியவனுக்குக் களை நடத் தெரியாதா?

மிக நுட்பமான பிழை ஒன்றை வைத்து அவளிடம் காட்டினேன்.

"இதுல எங்க சார் தப்பு?"

ஐந்து நிமிடம் விளக்கினேன்.

"இத்த கண்டுபுடிக்கவே காலேஜ் போவணும் சார். இவ்ளோ கஷ்டப்பட்டெல்லாம் நாங்க தப்பு பண்றதில்ல."

சூப்பர்வைசர் என்ற சொல்லில் ஓர் எழுத்தை விழுங்கிப் பார்த்தேன்.

"அத்த எங்க ஃபேக்டரி செவுத்துலயே ஆளு ஒசரத்துக்கு எழுதிக்கீது. அதையே தப்பா எழுதுனா எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனைப்பாரு."

பிழை செய்வதிலும் எனக்குத் தேர்ச்சி இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அவள் பைக்குள் கைவிட்டு, முதலில் எழுதிய தாளை எடுத்தாள். ரத்தக் காயங்களோடு இருந்தது. அடித்ததற்கு அடியில் இருந்ததை அன்றுதான் முழுதாகப் படித்தேன். லைனில் இரண்டு பேர் சண்டை போட்டால் தானே நடுவில் உட்கார்ந்து தைப்பதாகவும், மிஷின் நிற்காது என்றும் எழுதியிருந்தாள். அதன் ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

அதை அப்படியே புதுத் தாளில் எழுத ஆரம்பித்தாள். என் கை பேனாவை நோக்கிப் போனது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு முற்றுப்புள்ளியாவது வெச்சுக்கோம்மா."

"ஒண்ணு போதுமா சார்?" கடைசியில் ஒன்று வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு டப்பா மைசூர் பாகோடு வந்தாள்.

"நடுவுல உக்காருவியான்னு கேட்டாரு. ஆமான்னேன். போன வாரம் யார் யாருக்குச் சண்டைன்னாரு. அத்த சொல்ல மாட்டேன் சார்னேன். சூப்பர்வைசர் கோட்டு வாங்கிக்கோ போன்னாரு."

நான் டப்பாவைத் திறந்தேன். ஒரு துண்டை எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"ஆமா, முதல் லெட்டர் உன்னுது இல்லன்னு ரெண்டே வரியில எப்படிக் கண்டுபிடிச்சார்?"

"நானும் அத்ததான் கேட்டேன். அவரே இந்த வேலைக்கு வந்தப்ப குடுத்த லெட்டர ஃபைல்லேர்ந்து எடுத்துக் காட்டுனாரு. வரிக்கு வரி அதே. பழைய ஸ்டூடண்ட்டாம் உங்களுக்கு. ஞாபகம் இல்லியா?"

இல்லை. என் வாக்கியங்கள்தான் ஞாபகம் இருந்தன.

"உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு சார். அந்த லெட்டர இனிமே எங்க ஃபேக்டரிக்கு மட்டும் அனுப்ப வேணாம்னும் சொல்லச் சொன்னாரு."

பின் பெஞ்சில் அன்று மூன்று பேர் அதே கடிதத்தைப் பார்த்தெழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த ஃபேக்டரிக்கு என்று கேட்க எழுந்தேன்.